அம்மா சந்தேகப்பட்ட நீலம்

எங்கள் அம்மா பிறந்தது கருவேப்பிலங்குறிச்சியில். எந்த நாளில் என்று இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறோம். அந்தத் தேதியை அம்மா நம்பியதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தன் வசதிக்கு எழுதிக்கொண்டது என்று கடைசிவரை சொன்னார். அம்மாவை அறிந்தவர்கள் அவருடைய சந்தேகத்தையும் அறிவீர்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மணமாகி விருத்தாசலம் வந்த பிறகு, ஒரு பீங்கான் யூனிட்டில் அம்மா வேலைக்குச் சேர்ந்தார். சூளையிலிருந்து வரும் கப்புகளை விரலால் சுண்டிப் பார்த்துப் பிரிக்கிற வேலை. கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். நாளெல்லாம் இதையே செய்ததாலோ என்னவோ, வீட்டிலும் எதையும் சுண்டிப் பார்க்காமல் ஏற்க மாட்டார். எனக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனவர், காபி வருவதற்குள் அவர்கள் புதிதாகப் பூசியிருந்த சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டார். என் மாமியார் அதை இன்னும் மறக்கவில்லை.

அப்பா பீங்கான் சாமான்களைப் புதுச்சேரி கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டு வந்தார். அதற்காகப் பெண்ணாடத்தில் ஒருவரிடம் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கினார். வெளிர் நீலம், கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அதே நிறம். ஒரு நாள் அந்த வண்டியிலேயே நெஞ்சு வலியோடு வந்து இறங்கி, அன்றே காலமானார். அதற்குப் பிறகு அண்ணனையும் என்னையும் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தது அம்மாவின் யூனிட் சம்பளம்தான். வண்டி கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. விலை கேட்டு வந்தவர்களை எல்லாம், தாலியறுத்தவள்தானே என்று ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று சொல்லி அம்மா வாசலோடு அனுப்பினார்.

சில வருடங்களுக்கு முன் அண்ணன் அந்த வண்டியைச் சரிசெய்ய ஆரம்பித்தார். இன்ஜின் வேலை முடிந்து பெயிண்டுக்கு வந்தபோது, வெள்ளை அடித்துவிடலாம் என்றார். பழைய நீலம் கடையில் கிடைக்காது, கலக்கினாலும் அப்படியே வராது, வெள்ளையென்றால் கீறல் விழுந்தாலும் பூசிக்கொள்ளலாம் என்றெல்லாம் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா தட்டை நகர்த்தி வைத்தார்.

“கலர மாத்திட்டா அது உங்கப்பா வண்டின்னு எவனுக்குத் தெரியும்? இன்னிக்கு வெள்ளைன்னுவ. நாளைக்கு அத வித்துட்டு, வேற ஒரு வெள்ள வண்டிய கொண்டாந்து வூட்டுல நிறுத்தி இதான் அதுன்னுவ.”

ஆர்.சி. புக்கில் நீலம் என்று இருப்பதையும், மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வேண்டியிருக்கும் என்பதையும் அம்மா ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். அண்ணன் விட்டுக்கொடுத்தார். டிக்கியில் விரிப்பைத் தூக்கினால் வெயில் படாத பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது. ஜங்ஷன் ரோடு பட்டறையில் பெயிண்டர் பலமுறை கலந்து, அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொருந்திய பிறகே வேலையைத் தொடங்கினார். அம்மா தினமும் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெயிண்ட் அடிக்கிற நாளில் மட்டும் நெடி ஆகாது, இருமல் வரும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ஏதோ நடக்கப்போகிறது என்று அம்மா அப்போதே முடிவுகட்டியிருக்க வேண்டும்.

வண்டி வீட்டுக்கு வந்தது. அம்மா ஒரு சுற்று சுற்றி வந்து பானெட்டைச் சுண்டினார்.

“வண்டி நம்பளுதுதான். கலரு இது இல்ல.”

பாசி பிடித்த மாதிரி இருக்கிறதாம். அண்ணன் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கிக் காட்டினார். இங்கேயும் சேர்த்து அடித்துவிட்டாய் என்றார் அம்மா.

அதன்பின் அம்மா அந்த வண்டியில் ஏறவில்லை. வருகிற உறவினர்களிடமெல்லாம் சொன்னார். மங்கலம்பேட்டை மாமா அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தார். மலிவான பெயிண்டை அடித்துப் பெற்ற தாயை ஏமாற்றிவிட்டான் என்று கல்யாண வீடுகளில் பேசினார்கள். பேசியவர்கள் சிலர் கையிலும் இந்த மலர் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருந்த அண்ணனிடம் அம்மா ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. மாத்திரை தீர்ந்துபோனால்கூட எனக்குத்தான் போன் செய்தார். அண்ணன் அந்த நாட்களில் இளைத்துப் போனார்.

அதே சமயத்தில் பால் மஞ்சளாக இருக்கிறது, பால்காரர் எதையோ கலக்கிறார் என்றும் அம்மா சொன்னார். சலவைக்காரர் வெள்ளைத் துணியை எல்லாம் பழுப்பாக்குகிறார் என்றார். அம்மா எப்போதும் இப்படித்தானே என்று நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு புதுச்சேரியில் கண் டாக்டரிடம் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. இப்படிப் புரை இருந்தால் எல்லாம் மஞ்சள் பூத்துத்தான் தெரியும், நீலம்கூடப் பச்சையாகத் தெரியும் என்று டாக்டர் அண்ணனிடமும் என்னிடமும் சொன்னார். முதலில் ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் நடந்தது. வீடு திரும்பிய அம்மாவுக்கு, பால்காரரும் சலவைக்காரரும் சேர்ந்தாற்போல் திருந்திவிட்டது பெரிய ஆச்சரியம்.

ஒரு காலையில் நான் கொட்டகைப் பக்கம் போனேன். அம்மா வண்டிக்கு எதிரில் நின்று ஒரு கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு அடுத்த கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்தார். திரும்பத் திரும்ப அப்படியே செய்தார். அண்ணன் வரும் சத்தம் கேட்டதும் கையை இறக்கினார்.

“கலர மாத்திட்டியாடா?”

அண்ணன் வண்டியைப் பார்த்தார், அம்மாவின் கண்ணைப் பார்த்தார். பிறகு, “ஆமாம்மா. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப அடிச்சேன்,” என்றார்.

“சரி, வண்டிய எடு. கோயிலுக்குப் போயிட்டு வருவோம்.”

புரைதான் நிறத்தை மாற்றிக் காட்டியது என்று சொன்னால் அம்மா எல்லோர் முன்னும் தலைகுனிய வேண்டிவரும், அதைவிடத் தான் குற்றவாளியாக இருந்துவிட்டுப் போகலாம் என்று அண்ணன் நினைத்தார். அம்மாவும் எல்லோரிடமும், ஏமாற்றினான், நான் சொன்னதும் திருத்திவிட்டான் என்றே சொல்லிவந்தார். எனக்கு அம்மாவின் மேல்தான் சந்தேகம். கண்ணை மறைத்துப் பார்த்தவருக்கா தெரியாமல் போயிருக்கும்?

மூச்சுத் திணறல் வந்த கடைசி மாதங்களில், அந்த வண்டியின் முன்சீட்டில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துதான் அம்மா ஆஸ்பத்திரி போய் வந்தார். அவரைக் கவனித்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், இரவு பகல் பாராமல் வந்து நின்ற அக்கம்பக்கத்தாருக்கும், கூட வேலை பார்த்த அக்காமார்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மாவிடம் அவ்வளவு திட்டு வாங்கியும் மாலையோடு முதலில் வந்து நின்ற பெயிண்டருக்கும் நன்றி.

இந்தப் பக்கத்தை மட்டும் அச்சகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணனிடம் காட்டினால் எடுத்துவிடுவார் என்று பயம். அண்ணா, நீங்களும் இதை இப்போதுதான் படிக்கிறீர்கள். கடைசியாக நான் அம்மா பக்கத்தில் தனியாக இருந்தபோது, என்னைக் குனியச் சொல்லி அவர் சொன்னது இது:

“அவன் கலர மாத்தவே இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்லத்தான் வாய் வரல. நான் போனப்பொறம் நீ சொல்லிடு. எல்லாரு எதிர்லயும்தான அவன அப்படிச் சொன்னேன், எல்லாரு எதிர்லயும் சொல்லு.”