நெகட்டிவ் வந்த டெங்கி

என் உடம்பில் இருப்பது தம்பி கொடுத்த கிட்னி. உடம்பு அதை எதிர்த்துவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். போன வருஷம் எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு டெங்கி. எனக்கும் காய்ச்சல் விடவேயில்லை. ஸ்கூடாய் கிளினிக்கில், கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நெகட்டிவ்.

“ஒன்னும் இல்ல லா, வீட்டுக்குப் போலாம்,” என்றார் கணவர்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

“டாக்டர், என் உடம்பு எதையும் எதிர்க்கக் கூடாதுன்னுதான் மாத்திரையே சாப்பிடுறேன். அப்புறம் ஆன்டிபாடி எங்கேருந்து வரும்? கிருமியையே நேரா தேடுற டெஸ்ட் எடுங்க.”

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே தேடினார்கள்; டெங்கிதான். அன்றைக்கே படுக்க வைத்தார்கள்.

இப்போதெல்லாம் நெகட்டிவ் என்று யார் சொன்னாலும், எதைத் தேடினீர்கள் என்று கேட்காமல் நான் எழுந்திருப்பதில்லை.