மனுசர் தேவையில்லாத தொட்டி

எங்கள் கட்டடத்தில் எந்தக் குழாய் ஒழுகினாலும் இரத்தினவேல் அண்ணைக்குத்தான் போன் போகும். கனடாவில் டோர்செட் பார்க்கில் இருக்கும் பழைய மாடிக் கட்டடங்களில் ஒன்று எங்களுடையது. அவர்தான் அதன் சூப்பர், கட்டடத்தைப் பராமரிக்கும் ஆள். வருவார், திருத்துவார், ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லாமல் போவார். பெருமை பேசாத ஆண்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். இவரிடம் உண்மையிலேயே பேச ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன், அந்தப் பாம்பு வரும்வரை.

மேல்மாடியில் இருந்த ஒருவன் வீட்டைக் காலி செய்தபோது அதை விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு வாளித் தண்ணீருக்குள் நஞ்சில்லாத ஒரு நீர்ப்பாம்பு. அதன் சீவியம் முழுவதும் தண்ணீருக்குள்தான். மூச்சுவிட மட்டும் மூக்கை நீட்டும். தரையில் போட்டால் ஊரக்கூடத் தெரியாது. தோல் அளவுக்குப் பெரிய சட்டை போலத் தொளதொளவென்று கிடக்கும். அண்ணை வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அண்ணையின் மனைவி குணவதி அக்கா அன்று போட்ட சத்தம் பக்கத்து வீட்டில் இருந்த எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்கு என்றால் பயம், அருவருப்பு, அவ்வளவுதான். அக்காவுக்கு அது வேறு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கலியாணமான புதிதில் ஒரு சாத்திரி சாதகத்தைப் பார்த்துவிட்டு, அக்காவின் தகப்பன் வழியில் யாரோ ஒரு நாகத்தை அடித்துக் கொன்றிருக்கிறார்கள், அந்தப் பழிதான் இது என்று சொல்லிவிட்டான். கனடா வந்து, டொக்டர்மாரிடம் அலைந்து, அவர்களும் கைவிரித்த பிறகு அக்காவின் மனதில் மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம்தான். அந்தச் சாத்திரி மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும்.

அண்ணை பழியை நம்பவில்லை. வாளியைத் திருப்பிக் கொண்டுபோகவும் இல்லை. கடைசியில் அக்காதான் இறங்கிவந்தார். “இருக்கட்டும். வீடு தேடி வந்ததைத் துரத்தினால் இன்னும் பழி” என்றார். ஆனால் அதை நேரே பார்க்கமாட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணையின் இதயத்தில் அடைப்பு என்று கண்டுபிடித்து, பைபாஸுக்கு நாள் குறித்தார்கள். அக்கா அழுதார். அண்ணை தொட்டி கட்டத் தொடங்கினார்.

தான் ஆசுபத்திரியில் கிடக்கும்போது யாரும் கை வைக்கத் தேவையில்லாத தொட்டி வேண்டும் என்பதுதான் அவருடைய யோசனை. கழுவாமலே மாதக்கணக்கில் ஓடும் ஸ்பொஞ்ச் ஃபில்டர் ஒன்றைப் போட்டார். பாம்பு சுற்றிப் படுத்துச் சுட்டுக்கொள்ளாதபடி ஹீட்டரைச் சுற்றி வலை கட்டினார். அழுக்கை உறிஞ்சட்டும் என்று மணிபிளான்ட் கொடியின் வேர்களைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். வெளிச்சம் தானாக எரிந்து தானாக அணையும். சாப்பாட்டுக்குக் கப்பி மீன்கள். அவை பாட்டுக்குக் குட்டி போடும், பாம்பு பாட்டுக்குப் பிடித்துத் தின்னும். தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் காய்ந்த வாதுமை இலைகள் போட்டதில் தண்ணீர் பாலில்லாத பிளேன்ரீ நிறமாகிவிட்டது.

“கஜனி, இஞ்ச வந்து பார். உதுக்கு இனி மனுசர் தேவையில்லை.”

அவர் பெருமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஏனோ மனம் கனத்துவிட்டது. தான் திரும்பி வராமல் போனாலும் என்று யோசித்துத்தான் மனுசன் இவ்வளவும் செய்திருக்கிறார்.

அக்காவிடம் சொன்னது ஒன்றுதான். “நீர் ஒண்டும் செய்ய வேண்டாம். தொடாமல் விட்டால் காணும்.”

ஆசுபத்திரியிலும் அக்காவுக்கு அதையேதான் சொன்னார்கள். நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, இருங்கோ. அவர் இருந்தார். மெசின்களுக்கு நடுவே அண்ணை கண் திறக்காமல் கிடந்தார். நெஞ்சில் கிருமி பிடித்து, நாட்கள் இழுபட்டன. அக்கா குளிக்க மட்டும் வீட்டுக்கு வருவார். வந்துபோகும் நேரங்களில் சாம்பிராணி வாசம் என் கதவுவரை வரும். பாவம், கும்பிடட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அண்ணையை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று நான்தான் கார் ஓடினேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், இருமினால் தையல் நோகாமலிருக்க ஆசுபத்திரியில் கொடுத்த தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் நேரே தொட்டியடிக்கு நடந்தார். அக்கா அதன்மேல் ஒரு துவாயைப் போட்டு மூடியிருந்தார்.

“நீங்கள் சொன்னபடி நான் ஒண்டையும் தொடேல்லை. பால் மட்டும் ஊத்தினனான், ஒவ்வொரு நாளும், முகத்தை அங்காலை திருப்பிக்கொண்டு. ‘என்ர மனுசனைத் தந்துவிடு’ எண்டு கேட்டனான்.”

அண்ணை துவாயை விலக்கினார். பிளேன்ரீ நிறத் தண்ணீர் பால்தேத்தண்ணியாகிப் புளித்துக் கிடந்தது. சாம்பிராணியையும் மீறி நாற்றம் குப்பென்று வந்தது. மேலே மீன்கள் வெள்ளையாக மிதந்தன. அடியில் பாம்பு ஒரு பழைய சீலைத்துண்டு போலக் கிடந்தது.

அக்கா அதை முதல்முறையாக நேரே பார்த்தார்.

“பாலாலையோ?” என்றார். “நானோப்பா?”

அண்ணை ஃபில்டரைப் பார்த்தார். ஹீட்டரைப் பார்த்தார். அதன் சின்ன விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டுதான் இருந்தது. தொட்டி விளிம்பில் காய்ந்திருந்த பாலாடையைப் பெருவிரலால் துடைத்தார்.

“சீச்சீ. பால் பாம்பை என்ன செய்யும்? நான்தான் ஹீட்டரைப் பிழையாப் பூட்டிப்போட்டன். சூடு கூடிப்போச்சு.”

அக்கா கதிரையில் இருந்து அழுதார். பாம்புக்காகவும், வந்து சேர்ந்த மனுசனுக்காகவும், சேர்த்து அழுதார்.

பாரம் தூக்கக்கூடாது என்று அண்ணைக்குக் கட்டளை. அதனால் வெள்ளை வேட்டித்துண்டில் பாம்பைச் சுற்றியதும், அந்தத் தண்ணீரை வாளி வாளியாகக் குளியலறையில் ஊற்றியதும் நான்தான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அக்கா உள்ளே போன நேரம் கேட்டேன்.

“ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்? உங்கட தொட்டியிலை ஒரு பிழையும் இல்லை.”

“எனக்குத் தெரியும்.”

“பிறகு?”

அவருக்கு மூச்சு வாங்கியது. “யாரோ அடிச்ச பாம்பை அவ இவ்வளவு காலமும் சுமந்துபோட்டா. இந்தப் பாம்பையும் அவவின்ர தலையிலை வைக்கச் சொல்லுறியோ?”

நான் வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.

இப்போது அண்ணை வேலைக்குப் போவதில்லை. தொட்டி காய்ந்து கிடக்கிறது. மணிபிளான்ட் மட்டும் ஒரு போத்தலுக்கு மாறியிருக்கிறது. பாம்பைக் கொன்ற பழி புருசனைப் பிடித்துவிடக்கூடாது என்று அக்கா வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருக்கிறார். பட்டினியில் அவர் இன்னும் மெலிந்துவிட்டார். அண்ணை சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுவார், அக்கா கேட்பதில்லை.

அண்ணையை வருத்தம் பார்க்க ஆட்கள் வந்தால் அக்கா கோப்பி கொடுத்துக்கொண்டே சொல்லுவார்: “கட்டடம் முழுக்கத் திருத்தின மனுசன், சொந்த வீட்டிலை ஒரு ஹீட்டர் பூட்டத் தெரியேல்லை. அநியாயமா ஒரு உயிர் போச்சு.”

“ஓம்” என்பார் அண்ணை. “என்ர பிழைதான்.”