சும்மா இருக்கும்போது அறுத்துக்கொண்டவள்

இஸ்திரிக்காரிக்கு ஐந்து வருஷமாக வயிற்றில் கட்டி. மாதத்தில் பத்து நாள் ரத்தம் கொட்டும். கறுப்புப் பாவாடை கட்டிக்கொண்டு போய், ஆடை ஆலையில் எட்டு மணி நேரம் நின்று சட்டைக் காலர் தேய்ப்பாள். டாக்டர் ஆபரேஷன் என்று வாயெடுத்தாலே, "லீவு போட்டா என் மேசைய இன்னொருத்திக்குக் குடுத்துருவாங்க" என்பாள். பொய்யில்லை. யாரோ ஒருத்தி பிரசவத்துக்குப் போனபோது காலியான மேசைதான் இவளுக்குக் கிடைத்ததே.

ஒருநாள் ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். வேலை போனவர்களுக்கு ஆறு மாதம் அரசாங்கப் படி உண்டு. வாரம் ஒருமுறை அலுவலகம் போய்க் கைநாட்டு வைக்க வேண்டும். மற்றவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். இவளுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

"இப்ப எவன்கிட்ட லீவு கேக்கணும்? சும்மாதானே கெடக்கேன். அறுத்துப் போட்டுட்டு ஆறு வாரம் படுத்து எந்திரிச்சா, புது உடம்போட வேலை தேடலாம்" என்றாள் தங்கச்சியிடம்.

"நல்ல யோசனைக்கா" என்றாள் அவளும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மூளை. அன்றைக்கு அதுவும் ஊரில் இல்லை.

கர்ப்பப்பையை எடுத்தார்கள். பத்தாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தங்கச்சி தோளில் சாய்ந்தபடி கைநாட்டு வைக்கப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் வாரா வாரம் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"இந்த வாரம் வேலை கிடைச்சிருந்தா போயிருப்பீங்களாம்மா?"

"எப்படிக் கண்ணு போவேன்? தையலே இன்னும் காயல."

அந்தப் பெண்ணின் பேனா நின்றது.

"அப்ப படி வராதும்மா. உடம்புல தெம்பிருந்தும் வேலை கிடைக்காதவங்களுக்குத்தான் இது."

"சீக்குக்குன்னு தனியாக் காசு குடுப்பாங்களே?"

"அது வேலையில இருக்கும்போது படுத்தவங்களுக்கு."

"வேலையும் போயி வயிறும் கிழிஞ்சவளுக்கு?"

பெண் பக்கத்து மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உக்காந்து செய்யற வேலைன்னா முடியும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அதுக்கு வழி இருக்கு."

டாக்டர் எழுதிக் கொடுத்தார். படி மறுபடி வந்தது. இரண்டு வாரம் போனதும் வேலை அழைப்பும் வந்தது: சலவைக்கடையில் இஸ்திரி வேலை. போகாவிட்டால் படி நிற்கும்.

"உக்காந்துக்கிட்டு எவளாவது இஸ்திரி போடுவாளா?" என்றாள் தங்கச்சி.

"ஒசரமா ஒரு நாற்காலி கெடைச்சா போடலாம்டி. வாயிருக்கு, கேட்டுப் பாக்குறேன்."

கடை முதலாளி நல்ல மனுஷன். "நாற்காலிய எங்கம்மா போடறது? திரும்பவே இடமில்ல" என்றார். நின்றுதான் தேய்த்தாள். நாலாவது சட்டைக்கு வியர்த்துக் கொட்டியது. அழுக்கு மூட்டை மேலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஐயா, இங்க நாற்காலி இல்லைன்னு மட்டும் ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. நான் மாட்டேன்னு சொல்லல."

அவர் எழுதினார். நிறையவே எழுதினார். நாலாக மடித்து வாங்கி, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். மறுநாள் தன் கையாலேயே ஜன்னலில் நீட்டினாள். அந்தப் பெண் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். நிமிரவில்லை.

"நாற்காலி இல்லைன்னு போட்டிருக்காரா?"

"போட்டிருக்காரும்மா. கூடவே..." பெண் மெதுவாக வாசித்தாள். "'இந்த அம்மாவால் அரை மணி நேரம்கூட நிற்க முடியவில்லை. இப்போதைக்கு எந்த வேலையும் செய்யும் நிலையில் இல்லை. பாவம், ஓய்வு கொடுங்கள்.'"



"நெஜத்தைத்தானே எழுதியிருக்காரு" என்றாள் இஸ்திரிக்காரி.

அந்த வாரத்தோடு படி நின்றது. வாசல்படி இறங்கும்போது தங்கச்சி பொரிந்து தள்ளினாள். "படிக்கத் தெரியாதவ எதுக்குக்கா சீட்டு வாங்கின? நாற்காலி இல்லைன்னு வாயால சொல்லியிருக்கக் கூடாதா?"

"அப்புறம் திட்டுடி. இப்ப கையப் புடி, மெதுவா எறங்கணும்."