கே.கே. நகர் வழியில் ஒரு டோல்கேட்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு பழைய போன் எப்போதும் சார்ஜரோடு கிடக்கும். அதற்கு ஓடிபி போன் என்று பெயர். என் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். அவருடைய திருச்சி நம்பர் மட்டும் எங்களோடு இங்கே குடியிருக்கிறது. வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில், எங்கள் தெருவில், இப்படி ஒரு போன் இல்லாத வீடு குறைவு. பேங்க் காரியம் என்றால் அவர் அங்கிருந்து கூப்பிடுவார், வந்திருக்கும் எண்ணை மாமி இங்கிருந்து வாசிப்பார். மாமி என்றால் அவருடைய அம்மா. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போல நிறுத்தி நிதானமாக வாசிப்பார். அந்தப் பதவியை அவரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

போன லீவில் வந்தபோது என் கணவர் ஒரு கார் வாங்கினார். ஓட்டப்போவது நான்தான். முன்கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டியவர் ஒரு போன் நம்பர் கேட்டார். காஸ் சிலிண்டரிலிருந்து கரண்ட் பில் வரை எங்கள் வீட்டில் எதற்குக் கேட்டாலும் கொடுக்கும் அந்த ஓடிபி போன் நம்பரையே அவர் இதற்கும் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன், சீட் கவர் என்ன நிறத்தில் போடலாம் என்று யோசித்துக்கொண்டு.

அவர் திரும்பிப் போன பிறகு, என் வயிற்றில் இருந்த குழந்தை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. உடம்பு தேறியது. தூக்கம் தேறவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவது பழக்கமாகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் கல்லூரித் தோழிதான் ஒரு மனநல மருத்துவரைப் பற்றிச் சொன்னாள். அவர் இருப்பது தஞ்சாவூரில். திருச்சியில் மருத்துவர்களுக்கா பஞ்சம்? ஆனால் இங்கே எந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் போய் உட்கார்ந்தாலும் பக்கத்தில் எங்கள் சொந்தத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மதியம் என்னைப் பார்த்தால் சாயங்கால அஸர் தொழுகைக்குள் தெரு முழுக்கத் தெரியும். பைத்தியத்துக்கு மருந்து சாப்பிடுகிறாளாம் என்று ஒரு வரி கிளம்பினால் போதும், இப்போதுதான் பள்ளிக்கூடம் போகும் என் மகளுக்கு வரன் பார்க்கும் காலம் வரைக்கும் அது சாகாது. எனக்கு அதுதான் பயம்.

அதனால், "கே.கே. நகர்ல கம்ப்யூட்டர் கிளாஸ், போயிட்டு வரேன் மாமி" என்று ஊருக்குள்ளேயே ஓர் இடத்தைச் சொல்லிவிட்டுத் தஞ்சாவூர் ரோட்டில் காரை விடுவேன். துவாக்குடிப் பக்கம் டோல்கேட்டில் நிற்கக்கூட வேண்டாம். தடுப்பு தானாகத் தூக்கும், நான் பாட்டுக்குப் போய்விடுவேன். யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, ஒரு வார்த்தை கேட்பதில்லை, என்ன வசதி என்று மெச்சிக்கொள்வேன். அப்படி ஒரு புத்திசாலி நான்.

சில மாதம் போனது. மருந்தும் பேச்சும் வேலை செய்தன. மறுபடி தூங்க ஆரம்பித்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் அவர் குவைத்திலிருந்து பதறியடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"அந்த போனை எவனோ ஹேக் பண்ணிட்டான். பேங்க்ல அனுப்பிட்டோம்ங்கறான், அம்மா வரலைங்குது. ரெண்டு மூணு தடவை ஆயிடுச்சு. நீ எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். புடவைக் கடை விளம்பரம் இருந்தது, லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பேங்க் அனுப்பிய செய்தி ஒன்றுகூட இல்லை. ஃபாஸ்டேக்கும் அதே பேங்க்தானே என்று அப்போதுதான் பொறி தட்டியது. நான் டோல்கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும், எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி என்று இந்த ஃபிரிட்ஜின் மேல் ஒரு மணியோசை கேட்டிருக்க வேண்டும்.

மாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"ஹேக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான் அழிச்சேன்" என்றார். "கே.கே. நகர் போற வழியில டோல்கேட் எப்பம்மா போட்டாங்க?"

மாமியே சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகும் என் நாத்தனாருக்கு அந்த போனை நோண்டாமல் இருக்க முடியாது. அவர் கண்ணில் பட வேண்டாம் என்று டோல்கேட் செய்தி வந்ததும் மாமி அழித்திருக்கிறார். ஒன்றை மட்டும் அழிக்கத் தெரியாது. விரலை வைத்து அழுத்தியதும் பேங்க் அனுப்பியது மொத்தமும் போய்விடும், மகன் கேட்ட எண்ணும் சேர்த்து.

"நீ எங்க போறேன்னு தெரியும். எதுக்குன்னு தெரியாது. நான் கேக்கவும் மாட்டேன்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். இத்தனை நாளும் நான் போவதும் வருவதும் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் அது தெரியவில்லை. நல்ல மனசுள்ளவர் கையில் சிக்கியதால் பிழைத்தேன். நாத்தனார் கையில் சிக்கியிருந்தால்? என் மானம் இன்னொருவருடைய நல்ல மனசை நம்பியா இருக்க வேண்டும்? போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காரைத் தொடவே பிடிக்கவில்லை. டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். கண்டக்டர் கொடுத்த சீட்டில் ஏறிய இடமும் இறங்கும் இடமும் இருந்தன, நான் யார் என்று இல்லை. காவிரிப் பாலத்தில் அடித்த காற்றில் அந்தச் சீட்டு பறக்கப் பார்த்தது. இதற்கும் ஒரு நாள் கார்டு வரும், அதிலும் நம்பர் கேட்பார்கள். வரட்டும். யார் நம்பரைக் கொடுக்கிறோம் என்று அன்றைக்கு யோசித்துக் கொடுக்கலாம்.

தோழி நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அசடே, நம்பரை மாத்திண்டா தீர்ந்தது. வண்டி எங்க போறதுன்னு ஓட்டறவளுக்குத் தெரிஞ்சாப் போறும்."

வீட்டுக்கு வந்து ஃபாஸ்டேக் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன்; ஒரு பெண் எடுத்தாள். வண்டி எண்ணைச் சொல்லி, இது எங்கெங்கே போனது என்ற விவரம் இன்னும் யாருக்கெல்லாம் போகிறது என்று கேட்டேன்.

"சாரி மேடம், பதிவான நம்பர்ல இருந்து நீங்க பேசல. அந்த வண்டியப் பத்தி எதுவும் சொல்ல முடியாது."

"தினம் ஓட்டுறது நான்தாங்க!"

"நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாதே மேடம்."

சுள்ளென்று வந்தது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது: நாத்தனார் கூப்பிட்டிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். முகம் தெரியாத ஒரு பெண் என் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாள், அது நான் என்று தெரியாமலேயே. அவள் இருக்கும் திசைக்கு ஒரு சலாம் வைக்கத் தோன்றியது. பெரிய கம்ப்யூட்டர்களில் என் பயணங்கள் எத்தனை காலம் கிடக்கும், யார் திறந்து பார்ப்பார்கள் என்பது இன்னும் எனக்குத் தெரியாது. அதையும் கேட்காமல் விடப்போவதில்லை. முதலில் ஃபிரிட்ஜ்.

ஃபாஸ்டேக்குக்கு என் நம்பரை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றதும் அவர் குவைத்திலிருந்து, "ஏன்? இப்ப நல்லாத்தானே இருக்கு?" என்றார். காரணம் சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும். மாமி என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார்.

"ஏம்ப்பா, வண்டி ஓட்டுறது அவ. மணி எதுக்கு என் தலைமாட்டுல அடிக்கணும்? மாத்திக் குடு."

அவர் அங்கிருந்தே மாற்றினார். மாற்றுவதற்கும் பழைய நம்பருக்கு ஓர் எண் வந்தது. மாமி கண்ணாடியைத் துடைத்து, எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். முடித்ததும், "இந்த வேலையில ஒண்ணு கொறைஞ்சுது" என்றார். ஒரு பதவி பறிபோனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரிதான் தெரிந்தது.

அடுத்த தடவை டோல்கேட்டைத் தாண்டியதும் என் கைப்பையில் மணி அடித்தது. காரை ஓரமாக நிறுத்திப் படித்தேன். என் வண்டி, என் வழி, என் போன். அந்த வறட்டு ஆங்கில வரிகளைப் படித்துவிட்டு அழுதேன். இந்த முறை குழாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது சாயங்காலமாகிவிட்டது. திருச்சியில் ஒரு சொட்டு மழை இல்லை. என் துப்பட்டா நனைந்திருந்தது. மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஃபிரிட்ஜின் மேல் போன் சும்மா கிடந்தது.

"கே.கே. நகர்ல மழையாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இனிமேல் நான் போன இடத்தை எனக்கு முன்னால் சொல்ல எந்த போனும் இல்லை.

"தஞ்சாவூர்ல மழை, மாமி" என்றேன். "எதுக்குப் போறேன்னு சொல்றேன். கேக்கறீங்களா?"

மாமி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.