ரெகுலாவின் காஷ்மீர் நீலங்கள்

லூசர்ன் நகரத்தில் நீலக்கல்லைப் பார்த்து அது பிறந்த ஊரைச் சொல்வதில் ரெகுலா சும்பூலை மிஞ்ச ஆளில்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே ஜன்னலோரத்தில், நுண்நோக்கியில் குனிந்தே முதுகு வளைந்துபோனவள். பர்மாவா, இலங்கையா, காஷ்மீரா என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஜெனீவா ஏலத்தில் மறுபேச்சு கிடையாது.

அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவை பதினோரு கற்கள். தொண்ணூற்றாறாம் வருஷம் காஷ்மீருக்குப் போய் அவளே கொண்டுவந்தவை. சந்தேகமான நீலம் எது வந்தாலும் அவற்றோடு வைத்துத்தான் ஒப்பிடுவார்கள்.

போன வசந்தத்தில் புதிய லேசர் கருவி வந்தது. நீலத்துக்குள் சிக்கிய சிர்கான் என்ற கனிமத் துணுக்கைச் சுட்டு அதன் வயதைச் சொல்லிவிடும். காஷ்மீர்க் கல் இளசு, மூன்று கோடி வருஷத்தைத் தாண்டாது. அவளுடைய பதினொன்றில் ஏழு, ஐம்பத்தைந்து கோடி காட்டின. அது இலங்கைக் கல்லின் வயது.

மூன்று முறை சுட்டுப் பார்த்தாள். நான்காம் முறை கை போகவில்லை. அவள் காஷ்மீர் போன அந்த ஜூனில் மலைப்பாதையைப் பனி அடைத்திருந்தது. சுரங்கத்தின் வாயைக்கூட அவள் பார்க்கவில்லை. அடிவாரத்தில் துணிப்பையோடு வந்தவனிடம் வாங்கினாள். வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு, 'சுரங்கத்தில் என் கையால் எடுத்தவை' என்று பதிவேட்டில் எழுதிவிட்டாள்.

அதையெல்லாம் இயக்குநர் ஆல்வின் ஆம்ரைனிடம் மறைக்காமல் சொன்னாள்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல. முதல்ல உங்ககிட்டதான்."

"கடைசியும் நானாவே இருக்கட்டும்."

"இதுகளை வச்சு எத்தனை சான்றிதழ் கொடுத்திருக்கோம், ஆல்வின்!"

"கொடுத்திருக்கோமா? கீழ இருக்கிற கையெழுத்து யாரோடது?"

அடுத்த வாரம் ஏழு கற்களும் பெட்டியில் இல்லை. அடுத்த மாதம் அவளுக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்து, வெள்ளை ஒயின் ஊற்றிக் கைதட்டினார்கள்.

அந்த ஏழு கற்களை நம்பி அவள் காஷ்மீர் என்று எழுதிய மோதிரம் ஒன்று, ஸூக் நகரத்துப் பல் மருத்துவர் எக்லோஃபிடம் இருந்தது. ரயிலேறிப் போய்ச் சொன்னாள். கிழவர் செர்ரி கேக்கை அவள் பக்கம் தள்ளினார்.

"என் பொண்டாட்டி விரல்ல இருந்தப்போ அது காஷ்மீர். விக்கும்போது மட்டும் இலங்கையாம்மா?"

"மறுபடி பரிசோதிக்கலாம். என் செலவுல."

"எதுக்கு? கல்லையா வாங்குறாங்க? உங்க காகிதத்தைத்தானே வாங்குறாங்க. சாப்பிடுங்க, கேக் காயுது."

நவம்பர் ஏலப் பட்டியலில் அந்த மோதிரம் வந்தது. பக்கத்திலேயே அவள் கையெழுத்து. ஏலக்காரர்களுக்கு எழுதினாள். அவர்கள் ஆய்வுக்கூடத்தைக் கேட்டார்கள். பழைய அறிக்கையில் பிழையில்லை என்றும், சும்பூல் அம்மையாருக்குக் கொஞ்ச நாளாக ஞாபகம் சரியில்லை என்றும் பதில் போயிற்று. மோதிரம் நல்ல விலைக்குப் போனது.

இப்போது வழியில் எதிர்ப்படும் பழைய சகாக்கள் அவளிடம் குழந்தையிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்கள்.