கதவுக்கு வெளியே உட்கார்ந்த சிஸ்டர்

லூர்துமேரி சிஸ்டர் போய்விட்டார் என்று காலையில் போன் வந்தபோது, நான் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைத் தகராறை விசாரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரப்பையும் அப்படியே விட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றேன். அழுகை வந்துவிட்டது. சண்டை போட்டவர்களே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்த அவரை எங்கள் போலீஸ் ஸ்டேஷனில் தெரியாதவர்கள் இல்லை. ஏட்டாக இருந்த எனக்கு அவர் பழக்கமானது என் தப்பால்தான்.

முதலியார்பேட்டையில் ரவி என்ற லேத் தொழிலாளி, தன்னை யாரோ கொல்ல வருவதாகப் பயந்து மாடி அறையில் தாழிட்டுக்கொண்டார். அவர் மனைவி கூப்பிட்டு நாங்கள் போனோம். எனக்குப் பத்து நிமிஷம் பொறுமையில்லை. ஒன்றும் பண்ண மாட்டோம், டீ குடித்துவிட்டு வரலாம் வா என்று சொல்லிக்கொண்டே கதவை உடைத்தேன். ரவி பால்கனியிலிருந்து குதித்துவிட்டார், கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. "கதவ உடைச்சதுகூடப் போவுது சார். நீங்க சொன்ன பொய்தான் அவருக்கு மறக்காது" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த அம்மாவுக்குப் போலீஸ் வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன்.

அடுத்த வருஷம் ரவி மாத்திரையை நிறுத்திவிட்டார். மறுபடியும் அதே அறை, இந்தத் தடவை கையில் கத்தி. நானே சிஸ்டருக்குப் போன் போட்டேன். ஆட்டோவில் வந்து இறங்கியவர், என் சிவப்புப் போலீஸ் தொப்பியைக் கழற்றச் சொன்னார். மற்ற போலீஸ்காரர்களைக் கீழே அனுப்பினார். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு, போன தடவை ஏமாற்றியவர்தான் பேச வேண்டும் என்றார்.

ஜீப் வந்திருக்கிறதா என்று ரவி உள்ளேயிருந்து கேட்டார். இல்லை என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்திருக்குது. தெருமுனையில நிக்குது. ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும். போன தடவ நான் பண்ணது தப்பு" என்றேன்.

உள்ளே சத்தமே இல்லை. கழுத்தை அறுத்துக்கொண்டாரோ என்று என் கை கதவுக்குப் போனது. சிஸ்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். ஒரு மணி நேரம் போயிருக்கும். ஜீப்பில் ஏற மாட்டேன் என்று குரல் வந்தது. ஆட்டோவிலேயே போகலாம் என்றேன். ரவி கத்தியைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே வந்தார். ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தார். இப்போது பழையபடி லேத்துக்குப் போகிறார்.

போன மாதம் சிஸ்டரைப் புற்றுநோய் வார்டில் பார்த்தேன். பாதியாகிவிட்டிருந்தார். "நான் எப்படி இருக்கேன் சார்?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கீங்க சிஸ்டர். சீக்கிரம் வூட்டுக்குப் போயிடலாம்."

அவர் சிரித்துவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

பூட்டிய கதவுகளுக்கு முன்னால் நான் இப்போது பொய் சொல்வதில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.