ஓடுகிற சத்தம்

காஞ்சிபுரத்தில் நான் எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்கு ஒரு சாயங்காலம் அந்த அம்மா தன் சின்ன மகளோடு வந்தார். தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார்; புடவையில் பட்டு இழைகள் ஒட்டியிருந்தன. பேசும்போதும் மகளின் கைகால் விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வீக்கம்கூட இல்லியேம்மா. டாக்டரும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரே" என்றேன்.

"இவளுக்குப் பொறந்ததுலேர்ந்தே வலி தெரியாதுபா. ரொம்ப அபூர்வமா வர்ற குறையாம். காலையிலேர்ந்து இவ ஓடுற சத்தம் வேற மாதிரி இருக்குது. எடுத்துப் பாத்துடுப்பா."

எடுத்தேன். பாதத்து எலும்பில் விரிசல். படத்தைப் பார்த்ததும் அவர் அழுதுவிட்டார்.

மகள் அவர் கண்ணைத் துடைத்தாள். "எனக்கு வலிக்கவே இல்லம்மா."

"உனக்கும் சேத்து எனக்கு வலிக்குதுடி" என்று அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கட்டுப்போடப் போனார்.

அன்று வீட்டில் என் பிள்ளைகள் ஓடிவந்த சத்தத்தை முதல்முறையாகக் காதுகொடுத்துக் கேட்டேன்.